பொறுக்காத வடிவேலு

வடிவேலு ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். வயிற்றுக்குள்ளேயே இருப்புக்கொள்ளாத பிள்ளை என்று அவனைப் பெற்ற தேவானை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நாக்கு வெந்தாலும் சரி, டீயை ஆறவிட மாட்டான். தியாகராய நகர் துணிக்கடை ஒன்றில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. தான் பழுது பார்த்த லிஃப்டுக்கே காத்திருக்காமல் படியேறிப் போவான். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் சைக்கிளை விட்டு வசவு வாங்காத நாள் கிடையாது.

தேவானை இறந்த அன்று பேய்மழை. அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். அப்பாவுக்கு வடிவேலு வைத்தாகிவிட்டது. இளையவன் பாலு வேலையிடத்திலிருந்து வரும் வழியில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, "வந்துகினே கீறேன், இருடா!" என்று போனில் கத்தினான். வடிவேலு இருக்கவில்லை. மழை வலுத்துவிடும் என்று கண்ணம்மாபேட்டை மயானத்தில் தானே கொள்ளி வைத்துவிட்டான். பாலு வாசலில் நுழைந்தபோது புகை கிளம்பியிருந்தது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை, வேறென்ன சொல்ல? அன்றோடு பேச்சு நின்றது.

இந்தக் கார்த்திகையில் கொட்டிவாக்கத்திலிருந்து ஜல்லிப் பாதை சைக்கிள் ஓட்டம் வைத்தார்கள். இருவர் இருவராக ஓட்ட வேண்டும். சேர்ந்து முடிவுக் கோட்டைத் தாண்டினால்தான் பதக்கம். வடிவேலுவின் ஜோடிக்குக் காய்ச்சல். ஜோடியில்லாமல் நின்ற இன்னொருவனோடு அவனைச் சேர்த்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் பாலு.

"முன்னாடியே தெரியுமா ரெண்டு பேருக்கும்?" என்றாள் எண் அட்டை குத்திவிட்ட ஜான்சி.

"தெரியும்," என்றான் பாலு, சாக்கடையைப் பார்ப்பதுபோல் அண்ணனைப் பார்த்து. விலகிப் போக இருவருக்குமே ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

தூறல் விழுந்தது. பாலு குனிந்து தன் டயரில் காற்றைக் குறைத்தான். "நீயும் எறக்கிக்கோ. ஈர ஜல்லியில வழுக்கும்." அண்ணே என்ற சொல் மட்டும் வரவில்லை.

"எனக்கு நீ இன்னாடா சொல்றது? அதுக்கெல்லாம் நேரமில்ல!"

கொடி அசைந்ததும் வடிவேலு பறந்தான். ஏரிக்கரை திரும்பியதும் மழை கொட்டியது. கல்லாக இறுகியிருந்த சக்கரம் வழுக்கி, முழங்கை தேய செம்மண் சேற்றில் விழுந்தான். டயர் கிழிந்துவிட்டது. பின்னால் வந்த பாலு ஒருமுறை பார்த்தான். நிற்காமல் போய்விட்டான்.

வடிவேலுவுக்கு வலியைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது, அசிங்கமான சந்தோஷம். அவனும் நிற்கவில்லை, கணக்கு தீர்ந்தது. இனி எவனும் மயானத்தைச் சொல்லிக் காட்ட முடியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அத்தனை தூரமும் நடந்தான்.

பந்தலைப் பிரிக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், கொட்டுகிற மழையில், உதடு நடுங்க பாலு நின்றுகொண்டிருந்தான். ஒதுங்கக்கூட இல்லை.

"நீ போவலியா?"

"மழையில நிக்க முடியும். பாத்துக்கோ. அன்னிக்கு உன்னாலயும் முடிஞ்சிருக்கும்."

சேர்ந்து கோட்டைத் தாண்டினார்கள். ஜான்சி ஆளுக்கொரு பதக்கம் மாட்டினாள். பாலு தன்னுடையதைக் கழற்றி அண்ணனின் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டான்.

"அப்பாவுக்கும் நீ, அம்மாவுக்கும் நீ. இதையும் ரெண்டா நீயே வச்சிக்கோ."

சைக்கிளில் ஏறினான்.

"டேய் பாலு! இருடா!" என்று வடிவேலு கத்தினான்.

பாலு இருக்கவில்லை.