தோரணத்தில் குடியேறிய தேன்சிட்டு

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுக்க அதே வெயில், அதே புழுக்கம். ஆனால் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை உண்டு. அதிலும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால் ஆசிரியர்களுக்குத் தூக்கம் வராது. தொடக்கநிலை நான்கில் எனக்குக் கிடைத்த வேலை, வீட்டைச் சுற்றிக் கண்ணில் படும் உயிரினங்களை நாள்தோறும் குறித்துவைப்பது. பாசிர் ரிஸ்ஸில் நான்காம் மாடியில் உட்கார்ந்துகொண்டு நான் எதைப் பார்ப்பேன்? மைனா, புறா, பல்லி, எறும்பு என்று எழுதினேன். எறும்பை இரண்டாம் முறை எழுதியபோது எனக்கே வெட்கமாகிவிட்டது.

அப்போதுதான் எங்கள் வாசல் தோரணத்தில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருப்பதைப் பார்த்தேன். சித்திரை வருடப்பிறப்புக்குத் தேக்கா சந்தையில் மாவிலை வாங்கிவந்து கட்டிய தோரணம் அது. கழற்ற அம்மாவுக்கு நேரமில்லை, அப்பாவுக்கு அது தன் வேலை என்று தோன்றவே இல்லை. இலைகள் காய்ந்து சுருண்டு தொங்கிய கயிற்றில், பஞ்சும் நாரும் சருகுமாக ஒரு சின்னப் பை. ஸ்டூல் போட்டு ஏறி அம்மாவின் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே இரண்டு முட்டைகள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

சோதனையாக, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பூன் லேயிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் காய்ந்த தோரணத்துக்குக் கீழே நுழைவதா? கேட்கவே அபசகுனமாக இல்லையா? சனிக்கிழமை காலை அம்மா கத்தரிக்கோலும் கையுமாக வந்துவிட்டாள். நான் வாசலை மறித்துக்கொண்டு கத்தி ஊரைக் கூட்டினேன்.

கரப்பான்பூச்சியைக் கண்டாலே சோபாமேல் ஏறி நிற்கும் சித்தி, அன்று எனக்கு முன்னால் வந்து நின்றாள். "அக்கா, கைய வச்சிடாத. முட்டை இருக்குலா, பாவம்" என்றாள். குஞ்சுகள் பறக்கும்வரை யாரும் வரவேண்டாம் என்று அப்பாவிடமும் அடித்துச் சொல்லிவிட்டாள். சித்திக்குள் இப்படியொரு இரக்கம் இருப்பது தெரியாமல் இத்தனை நாள் அவளோடு சண்டை போட்டிருக்கிறேனே என்று எனக்கு நெஞ்சு கரைந்துபோனது.

அப்பா தொலைபேசியில் பட்டபாடு இருக்கிறதே! "பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. குருவி... ஆமாங்க, குருவிதான்." மறுமுனையில் மாப்பிள்ளையின் அம்மா கோபப்படவே இல்லை. வாசலில் குருவி கூடு கட்டுவதைவிட நல்ல சகுனம் உண்டா, அது பறந்த கையோடு வருகிறோம், எத்தனை நாளானாலும் சரி என்று சொல்லிவிட்டாராம். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். சித்தி மட்டும் எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த மூன்று வாரமும் வீட்டில் எனக்கு ராஜமரியாதை. சாயங்காலம் சித்தி நிலவரம் கேட்பாள், இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்பார். முட்டை பொரிந்தது. தாய்க்குருவி புழுவும் சிலந்தியும் கொண்டுவந்தது. கழுத்தில் கருநீலம் மின்னும் ஆண்குருவியும் தன் பங்குக்குக் கூடமாட ஓடியது. ஒருநாள் எதிர் அடுக்குமாடிப் புளோக்கிலிருந்து ஓர் இருவாச்சி பறந்துவந்து எங்கள் தாழ்வாரக் கம்பியில் உட்கார்ந்து, அந்தப் பெரிய அலகைக் கூட்டின் பக்கம் திருப்பியது. குஞ்சுகளைத் தின்றுவிடும் என்று எங்களுக்குத் தெரியும். வேலைக்குக் கிளம்பிய சித்தி குடையை விரித்து வீசி அதை விரட்டினாள். அது திரும்பி வராது என்று உறுதியாகும்வரை அங்கேயே நின்று பேருந்தையும் விட்டாள். ஆனால் என்னிடம் அவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "இன்னும் எத்தனை நாள்டி இருக்கும்?"

ஒரு வெள்ளிக்கிழமை காலை முதல் குஞ்சு கம்பிக்குத் தாவியது. இரண்டாவது கொஞ்சம் யோசித்தது. பிறகு இரண்டும் கீழே இருந்த மரத்துக்குப் பறந்துபோயின. நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். சித்தி முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "செல்லம், அப்பாகிட்ட சொல்லாத. இன்னும் ஒரு வாரம் கூட்டுலதான் இருக்கும்னு சொல்லு, ப்ளீஸ்லா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பார்த்ததை மட்டுமே எழுதவேண்டும் என்பது ஆசிரியர் கட்டளை. பறந்த குருவியைக் கூட்டில் இருப்பதாகச் சொல்வது எவ்வளவு பெரிய மோசடி! அன்று பகல் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அப்பா வழக்கம்போல் கேட்டார். சித்தி என்னையே பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டும் பறந்துடுச்சுப்பா, காலையில எட்டு மணிக்கு" என்று சொல்லிவிட்டு, சித்தி கண்ணில் படாமல் சமையலறைக்கு ஓடினேன்.

அதன்பிறகு மேசையில் நடந்ததைப் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா பூன் லேக்குப் பேசக் கைபேசியை எடுத்தாராம். "பண்ணாதீங்க அத்தான்" என்றாளாம் சித்தி. ஆபீஸில் ஒருவரைப் பிடித்திருக்கிறது, இரண்டு வருடமாகச் சொல்ல வாய் வரவில்லை, இனி தள்ளிப்போட வழியில்லை என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாளாம். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாளாம். அப்பா கைபேசியைக் கீழே வைத்தாராம். பிறகு, "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் குருவிக் கதை சொல்லி அசடு வழிஞ்சிருக்க வேணாமே. சரி, ஞாயித்துக்கிழமை அவரை வரச்சொல்லு" என்றாராம்.

இதெல்லாம் தெரியாமல் நான் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். சித்தி வந்தாள். அறை விழும் என்று கண்ணை மூடினேன். அவளோ என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வாரமாவது அவள் நிம்மதியாக இருந்திருப்பாளே என்று எனக்கு மகா குற்ற உணர்ச்சி. "அழாதீங்க சித்தி, வேற குருவி வரும்" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். குருவி போனதற்குப் போய் ஒருவர் இவ்வளவு அழுவாரா, அழுகிறவர் நடுவில் ஏன் சிரிக்கிறார் என்று ஒன்றும் விளங்காமல், ஈரக்கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.