அண்ணன் படம் இருந்த கார்டு

அண்ணன் காணாமல் போன செவ்வாய்க்கிழமை மாலை, காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பெயரையும் வயதையும் கேட்டுவிட்டு, "போட்டோ காட்டுங்க" என்றார். போனை எடுத்துத் தள்ளிப் பார்த்தேன். ரோஜாப்பூ, குத்துவிளக்கு, காலை வணக்கம், நான் பூசி முடித்த சுவர் இரண்டு. அண்ணன் இல்லை. மறுபடி மேலிருந்து தள்ளினேன். இல்லை.

அண்ணனுடைய ஆதார் அட்டையைக் கொடுத்தேன். "இது யாருன்னே தெரியலயே. புதுசா ஒண்ணு கொண்டாங்க. படம் வந்தாத்தான் எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்ப முடியும்."

அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. இருபது வயதுக்கு மேல் மனநிலை சரியில்லாமல் போய்விட்டது. யாருக்கும் தொந்தரவு தரமாட்டார். பெயரைக் கேட்டால் சிரிப்பாரே தவிர சொல்லமாட்டார். எங்கே போய் நின்றாலும் தான் யார் என்று அவரால் சொல்லிக்கொள்ள முடியாது. அவருக்குப் பதிலாகப் படம்தான் பேச வேண்டும்.

பிரான்சில் இருக்கும் என் தங்கை ஆறு வருடமாக ஊருக்கு வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன், வந்தவர்கள் கையில் எனக்கு ஒரு போன் கொடுத்தனுப்பியிருந்தாள். என் பழைய போன் வேறு கம்பெனி. கண்ணாடி உடைந்து, பொத்தானுக்குள் சிமெண்ட் ஏறிப் போயிருந்தது. புதியதில் எல்லாமே பிரெஞ்சு எழுத்து. காரைக்காலில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் தமிழுக்கு மாற்றி, நம்பர்களை ஏற்றிவிட்டு, பழைய போனின் பக்கவாட்டிலிருந்து நகமளவு கருப்புக் கார்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க எடுத்த படம் பூரா இதுலதாங்க இருக்கு. இந்தப் போன்ல கார்டு போட இடமே இல்ல. கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் ஏத்தணும். அரை மணி நேரம் உட்காருங்க, செஞ்சு தர்றேன்."

இருந்தது ஒரே நாற்காலி. சுற்றிலும் கல்லூரிப் பெண்கள். நான் வேலையிலிருந்து நேராக, கையெல்லாம் சிமெண்டோடு போயிருந்தேன். "அப்புறமா வர்றேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டில் கார்டை மனைவியிடம் கொடுத்து, "அண்ணன் படமெல்லாம் இதுல இருக்கு, பத்திரம்" என்றேன். அதன் பிறகு அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

காவல் நிலையத்திலிருந்து ஓடிவந்து மனைவியிடம் கார்டைக் கேட்டேன்.

"ஏங்க, அத அம்மனுக்குப் போட்டுட்டேங்க."

வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, உடம்பு நேரானதும் கோயில் உண்டியலில் போடுவது எங்கள் வழக்கம். அண்ணன் மாதக்கணக்கில் தூங்காமல் நடந்துகொண்டே இருந்தார். அதற்காக முடிந்திருக்கிறாள்.

"மாமாவுக்காகத்தான் முடிஞ்சிருக்கேன்னு ஆத்தாளுக்குத் தெரியணும்ல? படம் இதுல இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க. காசோட சேர்த்து வச்சு முடிஞ்சேன். நாலு ராத்திரி நல்லாத் தூங்குனாங்க. வெள்ளிக்கிழம கொண்டுபோய்ப் போட்டேன். நம்பரு மாதிரி படமும் புதுப் போனுக்கு வந்துருக்கும்னு நெனச்சேங்க."

அவளை எப்படித் திட்டுவது? என்னைவிட அவள்தான் அண்ணனுக்கு அதிகம் சோறு போட்டவள்.

புதன்கிழமை காலை, கடலோரம் இருக்கும் அந்தக் கோயிலுக்குப் போனோம். நிர்வாகத்தில் இருந்த இருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"கார்டு போட்டீங்க சரி, போனையும் சேர்த்துப் போட்டிருந்தா அம்மன் இருந்த எடத்துலேருந்தே தேடிக் குடுத்திருப்பாளே."

"மூணு பேரு கிட்ட சாவி இருக்குய்யா. ஒருத்தரு கல்யாணத்துக்குத் திருவாரூர் போயிருக்காரு. நெனச்ச நேரத்துல தொறக்க இது என்ன ஒங்க வீட்டு அரிசிப் பானையா?"

நாலு பேர் கூடிய இடத்தில் நான் வாய் திறந்தவனில்லை. அன்று என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. சத்தம் போட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன், உண்டியலைக் கட்டிப் பிடித்திருக்கிறேன். கடைசியில் கேலி பேசியவரே என் தோளைப் பிடித்து, "விடுங்க, விடுங்க. நாளைக்குக் காலையில அவர வரவச்சுடுறேன்" என்றார்.

அன்று முழுக்க சைக்கிளில் சுற்றினேன். படம் இல்லாமல் வாயால் சொன்னேன்: நரைத்த தாடி, நீலச் சட்டை, ஒல்லி. பேருந்து நிலையத்தில் ஒருவர், "அப்படிப் பத்துப் பேரு போறாங்களேங்க" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

வியாழக்கிழமை உண்டியலைத் திறந்து பாயில் கொட்டினார்கள். மஞ்சள் முடிச்சே ஐம்பது அறுபது இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி. "அடுத்தவங்க முடிச்ச அவுக்கக்கூடாது" என்று நிர்வாகி சொல்லிவிட்டார். என் மனைவி மண்டியிட்டு ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கிப் பார்த்தாள். காசு, காசு, ஒன்றில் தாலிக்குண்டு, மறுபடி காசு. சிலவற்றை இரண்டு தரம் தொட்டாள். ஒரு முடிச்சில் விரல் நின்றது. அவிழ்த்தாள். காசோடு ஒட்டிக்கொண்டு, மஞ்சள் ஏறிப்போய்க் கார்டு இருந்தது.

கடைக்காரர் துணியால் துடைத்துக் கம்ப்யூட்டரில் செருகினார். அந்த ஒரே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். யார் வந்தார்கள், யார் பார்த்தார்கள் என்று தெரியாது. படங்கள் ஒவ்வொன்றாக என் போனுக்கு வந்தன. எல்லாவற்றிலும் அண்ணன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நேராக நிற்கிறார். முகம் தெளிவாகத் தெரிந்த ஒன்றை என் நம்பரோடு காவல் நிலையத்துக்கும், தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பச் சொன்னேன்.

சாயங்காலமே திருமலைராயன்பட்டினத்திலிருந்து டீக்கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். நான் மட்டும் போனேன்.

"இவருதாங்க. செவ்வாக்கெழம மத்தியானத்துலேருந்து இந்த பெஞ்சுலதான் இருந்தாரு. டீயும் பன்னும் குடுத்தேன். பேரு கேட்டா சிரிச்சாரு. நேத்து சாயங்காலம் நாகப்பட்டினம் பஸ்ஸு நின்னுச்சு, ஏறிட்டாரு. இந்தப் படம் நேத்து வந்திருந்தா கையப் புடிச்சு உட்கார வச்சிருப்பேனேங்க."

பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமையே நாகப்பட்டினம் பஸ் ஏறிட்டாராம்" என்றேன்.

"அப்ப கார்டு கையில இருந்திருந்தாலும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

மூன்று நாளில் முதல் தடவையாக அவள் அன்று கொஞ்சம் சோறு தின்றாள். அவள் தொண்டையில் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தெரியாமல் செய்தாள். அரை மணி நேரம் உட்காரச் சொன்னபோது எழுந்து வந்தவன் நான். அதையும், பஸ் ஏறியது புதன்கிழமை என்பதையும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐந்து வாரம் ஆகிறது. வேலை இல்லாத நாளெல்லாம் தெற்கே பஸ் ஏறுகிறேன். முன்பின் தெரியாதவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறேன். வேளாங்கண்ணியில் பூ விற்கும் அம்மா ஒருவர், சாப்பாடு போடும் வரிசையில் இப்படி ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார். நீலச் சட்டையா என்று கேட்டேன். நிறம் ஞாபகம் இல்லை என்றார். நாளைக்கு அந்த வரிசை ஆரம்பிப்பதற்கு முன்னால் அங்கே போய் நிற்க வேண்டும்.