வாட்ச்மேன் அறையின் சாவி

ஆந்திரா தனியாகப் பிரிந்த மறுவருஷம். திருவள்ளூர் பக்கம் ஒரு அரிசி மில்லில் எனக்குக் களத்து வேலை. அவித்த நெல்லைப் பரப்பி, காலால் துழாவிக் காயவைக்க வேண்டும்.

நெல் அவிக்கும் அடுப்பின் பின்சுவர் எப்போதும் சூடாக இருக்கும். அதில் முதுகைச் சாய்த்து ஒருத்தி படுத்திருப்பாள். எந்த ஊரோ தெரியாது. காலில் ஆறாத புண். போலீஸ்காரர் வந்து லத்தியால் தட்டி விரட்டுவார். இரண்டு நாளில் திரும்பிவிடுவாள்.

மில் முதலாளி பழவேற்காட்டு பாய். ஒருநாள் போலீஸ்காரரிடம் சொன்னார்: "தொரத்தி இன்னா ஆச்சி? திரும்ப இங்கதான் வரா. படுக்க இடம் குடுத்துப் பாக்கறேன்."

வாட்ச்மேன் இருந்த அறை காலியாகக் கிடந்தது. ஓட்டுக் கூரை, நல்ல கதவு. சாவியை அவள் கையில் கொடுத்தார். புண்ணுக்கு மருந்து கட்ட கம்பவுண்டரை வரவழைத்தார்.

அந்த அறையை நான் மூன்று மழைக்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் குடிசை ஒழுகும். "உனக்குத்தான் குடிசை இருக்குதே" என்பார் பாய். வயிறு எரிந்தது.

அவளோ சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, பழையபடி சுவரோரமே படுத்தாள். அறை பூட்டியே கிடந்தது. பாயிடம் போனேன்.

"அவளுக்கு எதுக்கு பாய் ரூமு? வெளியதான் படுத்துக்கினு கீறா."

"சாவி அவகிட்டயே இருக்கட்டும்மா. பயம் தெளிஞ்சா உள்ள போவா."

கூட வேலை செய்தவள் சிரித்தாள். "இன்னாமே, நீயும் செவுத்தாண்ட படுத்துப் பாரு. உனக்கும் ஒரு ரூமு குடுப்பாரு."

எனக்குத் தாங்கவில்லை. பாய் ஊரில் இல்லாத ஒரு சாயங்காலம், தெருவில் போன போலீஸ்காரரைக் கூப்பிட்டேன். "சார், அவ அங்கயே படுத்துக்கினு கீறா."

வந்தார். லத்தியால் தரையைத் தட்டினார். "ஏய், எழுந்திரு. உனக்கு ஊடு வாசல் இல்ல?"

எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நொண்டி நொண்டிப் போய்ப் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "யாரு ஊடு அது?"

களத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ ஊடுதான் சார்" என்றேன்.

"அப்பறம் என்னை எதுக்குக் கூப்ட?"

போய் நெல்லைக் குவித்தேன்.

அதற்குப் பிறகு அவள் வெளியே படுக்கவில்லை. ஐப்பசி மழை வந்தது. ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் சட்டி வைத்தேன். எதிரே அவள் அறையின் ஓட்டுத் தண்ணீர் வாசலுக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.