ஹோல்டு வரிக்கு முன்னால் இரண்டு ஸ்பேஸ்

1. எட்டு விரல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அழுத்திக் கார் பாகங்கள் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்தது 2007-ல். ஐ.டி. டிபார்ட்மென்ட் என்று பெயர். ஸ்டோருக்குப் பக்கத்தில் ஓர் அறை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு சர்வர். ஆட்கள் இரண்டே பேர்: நானும் தேவராஜ் அண்ணனும்.

அண்ணன் கவரைப்பேட்டைக்காரர். பத்து வருடம் பிரஸ் மெஷினில் நின்றவர். ஒருநாள் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கம்பெனி அவரை டேட்டா என்ட்ரிக்கு மாற்றியது. அவர் அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னேரிக்குப் போய், வெப் பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். படித்தார். சரக்கு ஏற்றி அனுப்பும் டிஸ்பாட்ச் பகுதியில் ஒரு திரை தொங்கும். எந்த லாட், அதாவது எந்தத் தொகுதிச் சரக்கு, எந்த லாரியில் ஏற வேண்டும், தரம் பார்க்கும் க்யூ.சி. எந்த லாட்டை ஏற்றக் கூடாதென்று ஹோல்டில் வைத்திருக்கிறது என்று அது காட்டும். அந்தப் பக்கம் முழுவதையும் அவர் நோட்பேடில் அடித்து வைத்திருந்தார். க்யூ.சி.யிலிருந்து சீட்டு வந்தால் கையாலேயே மாற்றுவார்.

முதல் நாளே அதைத் திறந்து, ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கும் டேக் என்ற குறிகளைக் காட்டினார்.

"தொறந்த டேக்க மூடணும் தம்பி. அவ்ளோதான் இந்த வேலையே. எங்க மூடாம உட்டியோ, அங்க புட்டுக்கும். பாத்துகினே வந்தா கண்ணுல மாட்டிடும்."

2. குறைவாக அடிக்கலாம்

நான் சென்னையில் ஆறு மாதம் ரூபி என்ற புரோகிராம் மொழி படித்துவிட்டு வந்தவன். க்யூ.சி. என்ட்ரி நேராகத் திரைக்கு வரும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். பக்கங்களை எல்லாம் ஹேம்லுக்கு மாற்றினேன். எச்.டி.எம்.எல்.லையே சுருக்கி எழுதும் முறை அது, அப்போது புதிது. அதில் மூடும் டேக் கிடையாது. வரியின் ஆரம்பத்தில் விடும் ஸ்பேஸ்தான் கணக்கு. இரண்டு ஸ்பேஸ் தள்ளி எழுதினால் அந்த வரி மேல் வரிக்குள் அடங்கும். தள்ளாவிட்டால் வெளியே நிற்கும். அண்ணனின் நீளமான பக்கம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது.

"உங்களுக்காகத்தாண்ணே. டைப் பண்றது பாதியா கொறைஞ்சிடும்" என்றேன்.

அது பாதி உண்மை. எனக்குப் புதிதாக ஒன்று தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசைதான் மீதி.

அண்ணன் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். "கண்ணுக்கே தெரியாததுல போய் எல்லாத்தையும் வெச்சிக்கிற. இது எங்க முடியுதுன்னு நான் எப்டிப்பா கண்டுபுடிக்கிறது?"

"பழகிடும்ணே."

பழகத்தான் பார்த்தார். ஷாப்பிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கொண்டுவந்து, திரைமேல் செங்குத்தாக வைத்து, வரிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பார். நான் சிரிப்பேன். பழைய முறையிலேயே அவருடைய பக்கத்தை நான் விட்டிருக்கலாம். ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

3. கடைசியாகத் தொட்டவர்

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கிளம்பும் நேரத்தில் பிளான்ட் மேனேஜர் கூப்பிட்டார். அவசர லாட்டுக்குத் திரையில் மஞ்சள் பட்டை வர வேண்டும் என்றார். பத்து நிமிடத்தில் எழுதிப் போட்டுவிட்டு ஸ்டாஃப் பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாள் காலை அண்ணன் அதே ஃபைலில் லாரி நிற்கும் இடத்தின் பெயரை மட்டும் மாற்றினார்.

அன்று மதியம், துளை தள்ளி விழுந்த ஒரு லாட் இரும்புப் பிராக்கெட்டை க்யூ.சி. ஹோல்டில் போட்டது. சிவப்பில் வர வேண்டிய ஹோல்டு வரி திரையில் வரவில்லை. லோடிங் ஆட்கள் ஏற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை அந்த பிராக்கெட் பொருந்தாமல் கஸ்டமரின் கார் உற்பத்தி லைன் நின்றது.

மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குள் நிற்க வைத்தார். "யாருய்யா அந்த ஃபைலக் கடைசியாத் தொட்டது?"

"நான்தான் சார். பேரு ஒண்ணுதான் மாத்தனேன்" என்றார் அண்ணன்.

"தெரியாததுல எதுக்குய்யா கை வைக்கிற? உன்னால அங்க லைன் நின்னு போச்சு!" அப்புறம் என்னைப் பார்த்து, "நீ போய் சரி பண்ணு" என்றார்.

தினமும் கிளம்பும் முன் ஃபைலை என் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்து வைப்பது என் வழக்கம். செவ்வாய்க்கிழமை காப்பியைத் திறந்தேன். அண்ணன் தொடுவதற்கு முந்தைய காப்பி அது. மஞ்சள் பட்டையைச் சேர்த்தபோது, ஹோல்டு வரி இரண்டு ஸ்பேஸ் உள்ளே போய், அவசர வரிக்குள் அடங்கியிருந்தது. அதாவது அவசர லாட்டாகவும் இருந்தால்தான் ஹோல்டு சிவப்பாக வரும். ஹேம்ல் பார்வையில் அது சரியான எழுத்துதான், அதனால் எரர் எதுவும் வரவில்லை. தள்ளியது நான்.

அடுத்த வாரம் எனக்கு வேலை கன்ஃபர்ம் ஆக வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஸ்பேஸை அழித்து சேவ் செய்தேன். "இண்டென்டேஷன் தள்ளிப் போயிருந்துச்சு சார், சரி பண்ணிட்டேன்" என்று மட்டும் போய்ச் சொன்னேன். யார் தள்ளியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதல் அண்ணனுக்கு கேட்டில் வண்டி நம்பர் எழுதும் வேலை.

ஒருநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டில் கை வைக்காமல் கேட்டார்: "தம்பி, நானும் யோசிச்சி யோசிச்சி பாக்கிறேன். அந்த ஹோல்டு வரிய நான் தொட்டா மாதிரியே ஞாபகம் இல்ல. தொட்டுட்டனா?"

"தெரியலண்ணே" என்றேன்.

மேனேஜர் அறையில் வாயை மூடிக்கொண்டிருந்ததைக்கூட பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தே ஒரு மனிதரைத் தன்னையே சந்தேகிக்க விட்டேன். நான்கு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

4. மீஞ்சூரில்

இரண்டு வருடம் கழித்து, மீஞ்சூர் ஸ்டேஷன் பெஞ்சில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் லாரி எடை போடும் ஏதோ எடைமேடையில் வேலை என்றார். நலம் விசாரித்தார். எனக்குத் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காப்பியில் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன்.

"எடைமேடையில கம்ப்யூட்டர் சீட்ல ஒக்காருன்னு மொதலாளி எத்தினியோ வாட்டி சொன்னாரு. வேணாம் சார், எனக்கு அது சரிவராதுன்னு சொல்லிகினு கீறேன்" என்றார். பிறகு, "அன்னிக்கு சொல்லியிருந்தா எனக்கு பிரயோஜனம். இன்னிக்கு சொல்றது உனக்கு நிம்மதி" என்றார்.

ரயில் வந்தது. நான் ஏறிய பெட்டியில் அவர் ஏறவில்லை. அடுத்த பெட்டிக்கு நடந்து போனார்.

ஹேம்லை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் பிறகும் பல வருடம் அதில் எழுதியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். தவறு உங்களுடையது என்று தெரிந்தால், திருத்துவதற்கு முன்னால் எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள். திருத்தி சேவ் செய்துவிட்டால், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அப்புறம் வாய் திறக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.