வழுக்கி விழுந்தவன் பங்கு எவ்வளவு

கப்பல் பழுது பார்க்கும் யார்டில் எண்ணெய் சிந்திக் கிடந்த டெக்கில் வழுக்கி விழுந்து, எங்கள் அறையின் வெல்டர் காலில் மாவுக்கட்டோடு துபாய் தேராவில் இருக்கும் அறைக்குத் திரும்பினான். வக்கீல் அலுவலகத்தில் மொழிபெயர்க்கிற நான் சும்மா இருந்திருக்கலாம். சில நாடுகளில் சாதாரண ஆட்களை ஜூரியாக உட்காரவைத்து, அடிபட்டவன் மீதும் தப்பிருந்தால் அந்தத் தப்பில் அவன் பங்கைத் தனியாகப் பிரிக்கும்படி நீதிபதி சொல்லிக்கொடுப்பார் என்று வாயை விட்டேன். இந்த ஊரில் ஜூரியே கிடையாது என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்? வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே ஜூரியாகிவிட்டார்கள்.

"எண்ணெயத் தொடைக்காதது கம்பெனி. பாதித் தப்பு அவங்களுது," என்றார் அன்றைய சமையல் முறைக்காரர்.

அதே யார்டில் கிரேன் ஓட்டும் அண்ணன் விடவில்லை. "ரப்பர் செருப்போட டெக்ல ஏறச் சொன்னது கம்பெனியா? சேஃப்டி ஷூ எதுக்குக் குடுத்துருக்கான்? முக்கால்வாசி இவன் தப்புதான்!"

அடிபட்டவனை விசாரிக்காமல் பங்கு பிரிக்கக்கூடாது என்று நான் நீதிபதி தோரணையில் குறுக்கிட்டேன்.

வெல்டர் கட்டிலில் படுத்தபடியே சொன்னான். "அன்னைக்குக் காலைல என் ஷூவக் காணோம்ணே. யாரோ மாட்டிக்கிட்டு டூட்டிக்குப் போயிட்டாங்க."

கிரேன் அண்ணனின் ஷூ வாய்பிளந்து குப்பைக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவர் காலையே பார்த்தோம்.

அவர் வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கலாஸ், முடிஞ்சுது, விடுங்கப்பா. முழுத் தப்பும் கம்பெனி மேலதான்."