பாதி வரைந்த கட்டடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அதோடு, அம்மனுக்குச் செய்ததை வெளியே சொல்லலாமா என்ற பயமும் இருந்தது. படவேட்டு ரேணுகாம்பாள் பொறுத்துக்கொள்வாள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது என் தொழில். முன்பு கட்டம் போட்ட தாளில் வரைந்தேன், இப்போது கம்ப்யூட்டரில். மாங்காய், அன்னம் என்று போட்டுக்கொண்டிருந்தவன் கட்டடம் போட ஆரம்பித்தது, மகள் துபாய்க்குப் போன பிறகுதான். கல்யாணமாகி மாப்பிள்ளையோடு போனவள் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. முதலில் லீவு கிடைக்கவில்லை, பிறகு கைக்குழந்தை. "எப்பம்மா வர்ற?" என்று கேட்டால் போனில் அவள் குரல் சின்னதாகிவிடும். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக, "புது டிசைனுக்கு வேணும்மா, அந்த ஊர் பில்டிங்க போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். அவள் தினமும் பார்க்கிற சுவரையாவது நானும் பார்க்கலாமே.

ஒருநாள் அவள் குடியிருக்கும் கட்டடமே வந்தது. கீழே "நாலாவது மாடிப்பா" என்று எழுதியிருந்தாள். படத்திலிருந்த வானத்தை அழித்தேன், கார்களை அழித்தேன். ஜன்னல்கள் கட்டங்களாயின. பால்கனிகள் படிப்படியாக ஏறும் கோடுகளாயின. கண்ணாடியில் பட்ட வெயில் ஜரிகையாயிற்று. எங்கள் தொழிலில் பாதி வரைந்தால் போதும், மறுபாதியைக் கம்ப்யூட்டரே திருப்பிப் போட்டுவிடும். வழக்கம்போல இடது பாதியை வைத்துக்கொண்டு வலது பாதியை வெட்டிவிட்டேன்.

புடவை வியாபாரி பார்த்தார். "இன்னாங்க இது, கோபுர பார்டரா?"

"துபாய் பில்டிங்குங்க."

"அத்த வெளிய சொல்லிகினு இருக்காதீங்க. கோபுரம்னே வித்துடறேன்."

புது டிசைனில் முதல் புடவை, எங்கள் வீட்டு வழக்கப்படி படவேட்டு அம்மனுக்கு. தறியில் உட்காருவது என் மனைவி. படத்தில் நாலாவது மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்த ஒரு ஜன்னலைக் காட்டி, "இதான் நம்ம பொண்ணு ஊடு" என்றேன். டிசைனில் கை வைத்தால் புடவை முழுக்க மாறிவிடும். அதனால் முந்தியில் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் குங்குமச் சிவப்பு இழையை அவள் கையாலேயே கோர்த்தாள். அடுத்த ஆடிக்குள் பிள்ளையைக் கண்ணில் காட்டு தாயே என்று வேண்டிச் சாத்தினோம்.

புடவையின் போட்டோவைப் பார்த்துவிட்டு மகள் கூப்பிட்டாள். "செவப்பா ஒன்னு இருக்குதே, இன்னாப்பா அது?"

"உன் ஜன்னலும்மா."

"எங்க ஊடு ரைட் சைடுப்பா. எங்களுக்கு பால்கனியே கெடையாது. ரெண்டு தூணு, நடுவுல ஒரு ஜன்னல், அவ்ளோதான். இது யாரோ வேற ஃபிளாட்டு."

நான் வெட்டிப்போட்ட பாதியில்தான் அவள் இருந்திருக்கிறாள். அத்தனை கெஜம் புடவையில் எங்கேயும் என் மகள் வீடு இல்லை.

மனைவி போனுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "பக்கத்து ஊட்டுக்காரங்களுக்கு வேண்டிகினு வந்துட்டோம்டி. அவங்க இந்நேரம் அவங்க அம்மா ஊட்ல சாப்பிட்டுகினு இருப்பாங்க."

மூன்று பேரும் சிரித்தோம். மகள்தான் முதலில் நிறுத்தினாள். "நான் எப்பப்பா வர்றது?" என்று இந்த முறை அவளே கேட்டாள்.

பிறகு அதே படத்தை எடுத்து, திருப்பிப் போடாமல் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வரைந்தேன். தூண்களையும் நடுவிலிருந்த ஜன்னலையும் வரையும்போது கை மெதுவாகத்தான் போயிற்று. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத டிசைனை யாரும் வாங்கமாட்டார்கள். விற்கவா நெய்தோம்? அந்தப் புடவை மகளுக்காக பீரோவில் இருக்கிறது. படவேட்டுக்கு மறுபடியும் போய், வலது பக்கம் தாயே, என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மனுக்குத் தெரியாததா, என் மனசுக்காகத்தான்.

அதற்குள் ஊரில் கதை வளர்ந்துவிட்டது. புடவை சாத்திய வாரமே மகள் வந்து இறங்கிவிட்டாளாம். களம்பூர் பஸ்ஸில் ஒரு அம்மா, யாரென்று தெரியாமல், என்னிடமே சொன்னார். பக்தியில் சொல்கிறார்கள், கோபமில்லை.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். வருஷா வருஷம் ஆடி வந்து போய்க்கொண்டிருக்கிறது, அவள் இன்னும் வரவில்லை. வரவில்லை என்று கேட்டால்தான் யாராவது ஒருவர் அவளுக்காக ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிடுவார். வந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டால் யார் கும்பிடுவார்கள்?