ஒருத்திக்கு ஒரு கூடாரம்

மஞ்சள் நிறக் கூடாரம் ஒன்று எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பக்கத்து மாடிகளில் துணி காயப்போட வந்தவர்கள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கூடாரத்துக்குள் நான் மல்லாந்து படுத்திருந்தேன். வெளியே அண்ணி ஸ்டூல் மேல் ஏறி நின்று, தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு மொண்டு என் தலைக்கு மேலே ஊற்றிக்கொண்டிருந்தார். "எங்கனா ஒழுவுதா பாரு, நல்லா பாரு" என்று பக்கெட்டுக்கு ஒரு தரம் குரல் வரும். கீழே வாசலில் நின்று அம்மா கத்தியது அதற்கும் மேலே கேட்டது. "இன்னாடி கூத்து இது? ஊட்டு மேல கொட்டாய் போட்டுக்கினு! தெருவே சிரிக்குது!" அண்ணி இன்னொரு பக்கெட் ஊற்றினார்.

அவர் என் மூத்த அண்ணனின் மனைவி. கல்யாணமாகி நாலாவது வருஷம் அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். குழந்தை இல்லை. அண்ணி எங்கள் வீட்டிலேயே இருந்தார். கும்மிடிப்பூண்டியில் வண்டி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வார்த்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துத் திருப்பி, மயிரிழை விரிசல் இருந்தாலும் தள்ளி வைக்க வேண்டும். விடியுமுன் காக்களூர் முனையில் கம்பெனி பஸ் ஏறுவார். எங்கள் வீடோ ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அறை சின்ன அண்ணனுக்கும் அவன் மனைவிக்கும். ஃபேனுக்கு நேர் கீழே அப்பா, சுவரோரம் நான், நடுவில் அம்மா. அண்ணிக்குக் கிடைத்த இடம் குளியலறைக் கதவை ஒட்டிய ஆறடி. எழுகிறவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணன் போன பிறகு அம்மா தன் பாயை அண்ணியின் பாயோடு சேர்த்துப் போட்டுக்கொண்டாள். துணைக்கு என்று சொன்னாள். காவல் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணி கடைசியில் படுத்து முதலில் எழுவார். ஒரே கூரையின் கீழே இத்தனை வருஷம் இருந்தும் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாக அப்போது நான் நினைக்கவும் இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அடுத்த மாசம் ரெண்டாவது சனி, ஞாயிறு கம்பெனி பொண்ணுங்களோட மலைக்குப் போறேன் அத்தே. ஒரு ராத்திரி அங்கதான் தங்கறது." கூட வேலை செய்யும் நாலு பெண்கள், பள்ளிப்பட்டைத் தாண்டி ஆந்திர எல்லையில் ஒரு மலை, வழிகாட்ட அந்த ஊர்க்காரர் ஒருவர். அம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். மறுநாளே கிராமத்திலிருந்து பெரியப்பா வரவழைக்கப்பட்டார். கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"புருஷன் போன பொம்பளைக்கு மலையில இன்னாம்மா வேல?"

"ஏறி எறங்குற வேலதான் பெரிய மாமா. நடுவுல படுத்துத் தூங்குற வேலயும் கீது."

பெரியப்பா என்ன எதிர்பார்த்தாரோ தெரியாது, இதை எதிர்பார்க்கவில்லை. அண்ணி அழுவார், கெஞ்சுவார், இல்லை ஒத்துக்கொள்வார் என்று நினைத்திருப்பார். அண்ணி நின்ற இடத்தில் நின்றுகொண்டு அவர் கண்ணையே பார்த்தார். வெகுநேரப் பேச்சுக்குப் பிறகு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். "அப்ப இவளயும் இட்டுக்கினு போ." இவள் என்றது என்னை. அண்ணி உடனே தலையாட்டினார். "தாராளமா வரட்டும். ஆனா அவ டென்ட்டு வேற, என் டென்ட்டு வேற." போகுமுன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யார் வருகிறார்கள், யாரோடு பேசுகிறாள் எல்லாம் வந்து சொல்ல வேண்டும் என்றாள். சரி என்றேன். அப்போது நான் அம்மா பக்கம்தான். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

சாமான் வாங்க ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். கடைக்காரப் பையன் எங்களைப் பார்த்ததுமே மூன்று பேர் படுக்கும் கூடாரத்தை விரித்தான். "ஃபேமிலிக்கு இதான் கரெக்ட்டுக்கா." அண்ணி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத நீ தூக்கினு மலை ஏறுவியா?" என்றார். பிறகு ஒருவர் படுக்கும் கூடாரம் ஒன்றைக் காட்டச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, கடையின் நடுவில் அதற்குள் புகுந்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டார். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. பையன் என்னைப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து, "அண்ணி, இன்னா பண்றீங்க?" என்றேன். உள்ளேயிருந்து, "காலு நீட்டிப் பாக்குறேன்" என்று குரல் வந்தது. வெளியே வந்தபோது அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தவர் போல இருந்தது. அடுத்து, பனிமலைக்குப் போகிறவர்கள் வாங்கும், உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் தடித்த படுக்கைப் பையைப் பையன் எடுத்தான். "எல்லையில கீற மலைக்கு இது எதுக்கு? வெந்துபூடுவோம்" என்று மெல்லிய ஒன்றை எடுத்துக்கொண்டார். எனக்கும் நீல நிறத்தில் ஒரு கூடாரமும் ஒரு பையும் வாங்கினார்.

வாங்கியதை அவர் நம்பவில்லை. அதனால்தான் அந்த மாடி மழை. மூன்றாவது பக்கெட்டில் என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. தையல் ஓரத்தில் உள்பக்கம் ஒட்டியிருந்த பட்டை ஓரிடத்தில் பிரிந்திருந்தது. அண்ணி பேனாவால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார், கம்பெனியில் கழித்த பாகத்துக்குப் போடுவது போல. அடுத்த லீவில் கடைக்கே கொண்டுபோனார். "தண்ணிய ஊத்தி டெஸ்ட் பண்ணா எப்டிக்கா?" என்று பையன் அலுத்துக்கொண்டான். "மழ வந்து டெஸ்ட் பண்ணிட்டு அப்பால வரணுமா?" என்றார். மாற்றிக் கொடுக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வீட்டில் இருந்த கனத்த பருத்திப் போர்வையை நனைத்துக் கொடியில் போட்டு, மறுநாள் மாலையிலும் ஈரமாக இருப்பதை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "மலையில இது நனஞ்சா போத்திக்கவும் முடியாது, தூக்கினு நடக்கவும் முடியாது." குளிர் காற்றைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும் என்று விடியற்காலை மாடித் தரையில் முதுகைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். கம்பெனியில் பேக்கிங்கில் மிஞ்சிய ஃபோம் ஷீட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து ஆளுக்கொன்று வெட்டிக் கொடுத்தார். சுருட்டினால் பையின் மேலே கட்டிக்கொள்ளலாம், எடையே தெரியாது.

அந்தச் சனிக்கிழமை மலையேறினோம். ஓடைக்கரையில் மெத்தை போல மணல். எல்லாரும் பையை அங்கே இறக்கினோம். அண்ணி மட்டும் புதர்களில் இடுப்புயரத்துக்குச் சருகு சிக்கியிருப்பதைக் கவனித்தார். "தண்ணி அது வரைக்கும் வந்திருக்குது" என்று மேட்டுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். கல் பொறுக்கி, கூடாரத்தை அடித்து, கயிறுகளை இழுத்துக் கட்டினார். என் கூடாரத்தைக் கட்ட அவர் உதவவில்லை. நான் இரண்டு முறை தப்பாகக் கட்டி, மூன்றாம் முறை சரியாகக் கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டியதும் அவரவர் கூடாரத்துக்குள் போனோம். பக்கத்துக் கூடாரத்தில் ஜிப் மூடும் சத்தம் கேட்டது, உள்ளேயிருந்து. அவர் பக்கம் இருந்து அவரே மூடிய கதவு அது. அதுவரை அவருக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பது அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது.

பொழுது நன்றாக விடிந்தது. எல்லாரும் எழுந்து டீ குடித்தாயிற்று. மஞ்சள் கூடாரம் மட்டும் திறக்கவில்லை. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஏழரை ஆச்சும்மா, வெயிலுக்கு மின்னாடி உச்சிக்குப் போவணும். எழுப்பட்டுமா?" என்று இரண்டடி எடுத்து வைத்தார். நான் ஓடிப்போய்க் கூடாரத்துக்கு முன்னால் நின்றேன். என்ன தைரியமோ. "தொடாதீங்க. அவங்களா எழுந்துக்கட்டும்" என்றேன். "அப்ப உச்சி?" என்றார். "உச்சி எங்கயும் ஓடிப்பூடாது" என்றேன். அம்மா சொல்லி அனுப்பிய வேலை என்ன, நான் செய்துகொண்டிருந்தது என்ன! அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து காவல் இருந்தேன். உள்ளே அண்ணி லேசாகக் குறட்டை விட்டார்.

எட்டேகாலுக்கு ஜிப் திறந்தது. அண்ணியின் தலைமுடி ஈரமாக இருந்தது. பூச்சிக்குப் பயந்து காற்று வழிகளையும் சேர்த்து மூடியிருக்கிறார். விட்ட மூச்செல்லாம் உள்கூரையில் நீராக நின்று சொட்டியிருக்கிறது. "மழைக்கு டெஸ்ட் பண்ணேன், மூச்சுக்குப் பண்ணல" என்று சிரித்தார். அன்று உச்சிக்கு எங்களால் போக முடியவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "இன்னா நடந்துச்சு?" நான் சொன்னேன். "தூங்கினாங்க. எட்டு மணி வரைக்கும்." அம்மாவுக்கு அது ஏதோ பெரிய குற்றமாகக் கேட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்தில் அண்ணி கும்மிடிப்பூண்டியில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். அவர் கிளம்பிய அன்று பெரியப்பா மறுபடி வந்தார். இந்த முறை அந்த நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். எழவில்லை. ஒரு வருஷம் வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை, என்னைத் தவிர.

இன்று எனக்குத் திருவள்ளூரில் குடும்பம். அண்ணி இப்போது வருஷத்துக்கு மூன்று தரமாவது கம்பெனிப் பெண்களை அழைத்துக்கொண்டு மலைக்குப் போகிறார். போன மாதம் நான் போயிருந்தபோது அவர் அறையில் புதிதாக வரும் பெண்கள் ஐந்து பேர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கூடாரம், எந்தப் பை, எவ்வளவு எடை என்று எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கி, "ஊட்ல எப்டிக்கா பர்மிஷன் கேக்குறது?" என்றாள். அண்ணி ஃபோமை வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "கேக்காத. சொல்லு" என்றார்.

ரயிலில் திரும்பி வரும்போது வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்து, பையைக்கூட இறக்காமல், மாமியாரிடம் சொன்னேன்.

"அடுத்த சனிக்கிழம மலைக்குப் போறேன் அத்தே. ஞாயித்துக்கிழம சாயந்திரம் வந்துடுவேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு நாளும் ஊட்ல சோறு யாரு ஆக்கறது?"

"உங்க புள்ள ஆக்குவாரு" என்றேன். உள்ளறையில் டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.